பி அண்ட் ஐடி மேப் இல்லீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க வேலைவாய்ப்பு பக்கத்துல கெமிக்கல் பிளான்ட், ரிஃபைனரி மாதிரி எடத்துக்கு வேலைக்குப் போறவங்க டிராயிங் படிக்கக் கத்துக்கணும்னு எழுதியிருந்தீங்க, நல்ல விஷயம், இதையெல்லாம் யாரும் எழுதவே மாட்டாங்க. ஆனா அதுல பி அண்ட் ஐடிங்கறது, அதாவது பைப், வால்வு, கருவியெல்லாம் எப்படிச் சேந்திருக்குன்னு காட்டற டிராயிங், பிளான்ட்டோட மேப் மாதிரின்னு ஒரு வரி வந்துச்சு பாருங்க, அதைப் படிச்சதும் சிரிப்பு வந்துருச்சு. ஏன்னா வேலைக்குச் சேந்த புதுசுல நானும் அப்படித்தான் நெனச்சிட்டிருந்தேன்.

சீனியர் ஒருத்தர் ஒரு பி அண்ட் ஐடி ஷீட்டைக் கையில குடுத்து, இந்த லைன்ல இருக்கற ட்ரெய்ன் வால்வை, அதாவது பைப்புல இருக்கறதை வடிச்சு விடற வால்வை, பாத்துட்டு வாடான்னு அனுப்பிட்டார். ஷீட்டுல அது பம்புக்கு ரெண்டு விரக்கடை தள்ளிதான் இருந்துச்சு. நானும் பம்பைச் சுத்திச் சுத்தி வர்றேன், குனிஞ்சு பாக்கறேன், நிமிந்து பாக்கறேன், வால்வைக் காணோம். அரை மணி நேரம் கழிச்சுப் பாத்தா பைப்பெல்லாம் வரிசையாத் தாங்கி நிக்கற பைப் ராக்கைத் தாண்டி அந்தப் பக்கம், லைன் கீழ எறங்குற எடத்துல அது பாட்டுக்கு உக்காந்திருக்கு! அம்பது மீட்டராவது இருக்கும்.

பி அண்ட் ஐடிக்கு ஸ்கேலே கெடையாது சார். எது எதோட சேந்திருக்கு, எந்த வரிசையில சேந்திருக்கு, எது எதைக் கட்டுப்படுத்துது, அவ்வளவுதான் அது சொல்லும். எங்க இருக்குன்னு தெரியணும்னா ப்ளாட் பிளானை, அதாவது மேல இருந்து பாத்த மாதிரி ஸ்கேல் போட்டு வரைஞ்ச டிராயிங்கைப் பாக்கணும், பைப் எந்தப் பக்கம் திரும்புது எவ்வளவு நீளம்னு தெரியணும்னா ஐசோ, அதாவது ஐசோமெட்ரிக் டிராயிங் பாக்கணும். ஐசோவும் ஸ்கேல் கெடையாதுதான், ஆனா அளவெல்லாம் நம்பரா எழுதியிருக்கும், வடக்கு எதுன்னு அம்புக்குறி இருக்கும். அந்த அம்புக்குறியைப் பாக்காம ஐசோவைப் பிரிச்சு வெச்சுக்கிட்டு நிக்கறவன் எந்தப் பக்கம் திரும்பினாலும் தப்பாத்தான் போவான். பிஎஃப்டி, அதாவது ப்ராசஸ் ஃப்ளோ டயக்ராம் வேற, அதுல பெரிய லைன், எவ்வளவு ஃப்ளோ, என்ன டெம்பரேச்சர்ங்கற கணக்குதான் இருக்கும், சின்னச் சின்ன ட்ரெய்ன், காத்து வெளியேத்தற வென்ட் எல்லாம் அதுல தேடக் கூடாது. எந்தக் கேள்விக்கு எந்த ஷீட்டை எடுக்கணும்னு தெரிஞ்சாலே பாதி வேலை முடிஞ்ச மாதிரி.

உங்க கட்டுரையில சின்னங்களை மனப்பாடம் பண்ணச் சொல்லியிருந்தீங்க. அதுலயும் எனக்கு முழுசா உடன்பாடு இல்ல. மொதல்ல எடுக்க வேண்டியது எந்தச் சின்னத்துக்கு என்ன அர்த்தம்னு சொல்ற லெஜண்ட் ஷீட், ஏன்னா ஐஎஸ்ஏ 5.1னு பொதுவான ஸ்டாண்டர்டு இருந்தாலும் ஒவ்வொரு கம்பெனியும் கொஞ்சம் கொஞ்சம் தன் இஷ்டத்துக்கு மாத்திக்கும். ஒரு எடத்துல கருப்பா நெரப்பின வால்வுன்னா மூடியே இருக்கறதுன்னு அர்த்தம், இன்னொரு எடத்துல அதையே எழுத்துல எழுதியிருப்பாங்க. குளோப் வால்வுக்கு நடுவுல கருப்புப் புள்ளி, பால் வால்வுக்கு நடுவுல வெறும் வட்டம், அவ்வளவுதான் வித்தியாசம். அஞ்சாவது தடவை ஜெராக்ஸ் எடுத்த காப்பியில அந்த வட்டத்துக்குள்ள மை அடைச்சிருச்சுன்னா பால் வால்வு குளோப் வால்வு ஆயிடும், பாக்கறவனுக்கு சந்தேகமே வராது.

டேக் நம்பர், அதாவது ஒவ்வொரு கருவிக்கும் குடுக்கற பேர், அந்த விஷயத்துலதான் புதுசா வர்ற பசங்க நெறைய மாட்டிக்கறாங்க. மொத எழுத்து எதை அளக்கறாங்கன்னு சொல்லுது, பின்னால வர்ற எழுத்து அந்தக் கருவி என்ன பண்ணுதுன்னு சொல்லுது. எஃப்ஐசி-101னா ஃப்ளோவை அளந்து காட்டி கட்டுப்படுத்தற கன்ட்ரோலர். டிடின்னா மொத டி டெம்பரேச்சர், ரெண்டாவது டி ட்ரான்ஸ்மிட்டர், ஒரே எழுத்து எடத்தைப் பொறுத்து அர்த்தம் மாறுது. இதுவரைக்கும் எல்லாருக்கும் புரிஞ்சிரும். ஆனா ஒரு டேங்க்ல லெவல் ஏறாம பாத்துக்கறதுக்கு வெளிய போற லைன்ல ஒரு கன்ட்ரோல் வால்வு போட்டிருப்பாங்க, அது ஃப்ளோ லைன்லதான் இருக்கும், வழியா ஓடறதும் ஃப்ளோதான், ஆனா அதோட பேரு எல்வி, லெவல் வால்வு. ஏன்னா அது லெவலோட பேச்சைத்தான் கேக்கும். இதைக் கேட்டப்போதான் எனக்கு டிராயிங்னா என்னன்னே வெளங்குச்சு, வால்வோட பேரு அது எங்க இருக்குன்னு சொல்றதில்ல, யாருக்குக் கட்டுப்பட்டதுன்னு சொல்லுது.

அப்புறம் அந்த வட்டங்கள். வெறும் வட்டம்னா கருவி ஃபீல்டுல இருக்கு, நடுவுல ஒரு கோடு இருந்தா கன்ட்ரோல் ரூம் பேனல்ல, விட்டு விட்டுப் போன கோடுன்னா பேனலுக்குப் பின்னால, வட்டத்தைச் சுத்திக் கட்டம் போட்டிருந்தா டிசிஎஸ், அதாவது பிளான்ட்டை ஓட்டற கம்ப்யூட்டர் ஸ்கிரீன்ல. ராத்திரி ரெண்டு மணிக்கு அந்த கேஜைப் பாத்துட்டு வான்னு சொன்னா எங்க போய்ப் பாக்கறதுன்னு இந்த ஒரு கோட்டுல தெரிஞ்சிரும். கன்ட்ரோல் வால்வுக்குக் கீழ எஃப்சி (ஃபெயில் க்ளோஸ்), எஃப்ஓ (ஃபெயில் ஓப்பன்)ன்னு பொடி எழுத்துல இருக்கும், அதைப் பாக்காம விட்டுறாதீங்க. வால்வை இயக்கற இன்ஸ்ட்ருமென்ட் ஏர் போச்சுன்னா அந்த வால்வு மூடிக்குமா தெறந்துக்குமாங்கறது அதுதான். ஃபர்னஸுக்குப் போற ஃப்யூயல் கேஸ் வால்வு மூடணும், சூடாகற எடத்துக்குப் போற கூலிங் வாட்டர் வால்வு தெறந்துக்கணும், இதை மாத்திப் புரிஞ்சுக்கிட்டவன் பக்கத்துல நிக்க எனக்கு தைரியம் இல்ல.

டிராயிங்கே இல்லாம வேலை பாத்தா என்ன ஆகும்னு கேட்டா பிளிக்ஸ்பரோவைச் சொல்லணும். 1974 ஜூன் 1, இங்கிலாந்துல ஒரு கெமிக்கல் பிளான்ட். வரிசையா ஆறு ரியாக்டர், அஞ்சாவதுல விரிசல்னு அதைக் கழட்டிட்டு நாலுக்கும் ஆறுக்கும் நடுவுல 20 இன்ச் பைப்பை வளைச்சு வெச்சு பைபாஸ் போட்டாங்க. ரெண்டு பக்கமும் 28 இன்ச் பெல்லோஸ், அதாவது நீண்டு சுருங்கற இணைப்பு. அந்த பைபாஸுக்கு முறையான டிராயிங்கே கெடையாது, ஒர்க்‌ஷாப் தரையில சாக்பீஸால வரைஞ்சதுதான். அது பிச்சுக்கிட்டு சைக்ளோஹெக்சேன் வெளிய வந்து வெடிச்சதுல 28 பேர் செத்தாங்க. சனிக்கிழமைங்கறதால ஆபீஸ் ஆளுங்க இல்ல, இல்லேன்னா இன்னும் மோசமா இருந்திருக்கும்.

இருக்கற டிராயிங்கும் பழசா இருந்தா ஆபத்துதான். ரெவிஷன் நம்பரைப் பாக்கணும், மாத்தின எடத்தைச் சுத்தி மேகம் மாதிரி வளைச்சுப் போட்டு பக்கத்துல ஒரு முக்கோணத்துல நம்பர் இருக்கும். லாக்கர்ல மடிச்சு வெச்ச காப்பியை நம்பி ஐசொலேஷன், அதாவது வேலை பாக்கறதுக்காக ஒரு லைனை மூடித் தனியாப் பிரிக்கறது, பண்ணக் கூடாது.

கத்துக்கறதுக்கு எனக்குத் தெரிஞ்ச ஒரே வழி லைன் ட்ரேஸ் பண்றதுதான். ஒரே ஒரு லைனை எடுத்துக்கிட்டு ஹைலைட்டரோட டேங்க் நாசில்ல, அதாவது டேங்க்ல பைப் சேர்ற வாய்ல, ஆரம்பிச்சு கடைசி வரைக்கும் நடக்கணும், அடுத்த ஷீட்டுக்குப் போற அம்புக்குறி வந்தா அந்த ஷீட்டை எடுக்கணும், பாதியில விடக் கூடாது. ஒவ்வொரு ட்ரெய்ன், ஒவ்வொரு வென்ட், பைப் அளவு மாறுற எடத்துல வர்ற ரெடியூசர் எல்லாத்தையும் டிக் அடிச்சுக்கிட்டே போகணும், ஷீட்டுல இருக்கு ஃபீல்டுல இல்ல, ஃபீல்டுல இருக்கு ஷீட்டுல இல்லன்னா செவப்புப் பேனாவால குறிச்சு மேல உள்ளவங்ககிட்ட குடுக்கணும். மொத லைனுக்கு ஒரு நாள் பூரா ஆகும், கால் வலிக்கும், போகட்டும்.

அந்த மேப்ங்கற வரியை மட்டும் திருத்திப் போட்டுருங்க சார். கூடவே ஒரு பி அண்ட் ஐடியோட ஒரு மூலையை, ஒரு பம்பு ஒரு டேங்க் ஒரு கன்ட்ரோல் லூப் போதும், லெஜண்டோட அரைப் பக்கத்துக்குப் பெருசா அச்சடிங்க. சின்னதாப் போட்டுராதீங்க, பேப்பர் மையில அந்த வட்டமெல்லாம் அடைச்சுக்கும்.

இப்படிக்கு,
ரிட்டயர்டு பிளான்ட் ஆபரேட்டர் ஒருத்தர்