ஸ்கிரீன்ல வானவில் தெரிஞ்சா பேனல் போச்சுன்னு அர்த்தம் இல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க பேப்பர்ல டிவி, மானிட்டர், போன் பத்தி வர்றத விடாம படிக்கிறவன் நான். ரெசல்யூஷன் என்ன, எத்தன நிட்ஸ் வெளிச்சம், ரெஃப்ரெஷ் ரேட் எவ்வளவுன்னு எல்லாம் விவரமா எழுதறீங்க, ஆனா அந்த ஸ்கிரீன் மேல ஒட்டியிருக்கற போலரைசர் பிலிம் பத்தி ஒரு வரி கூட வர்றதில்ல. பிலிம் கோட்டிங் வேலையில இருக்கறவன்ங்கறதால எனக்கு இது ரொம்ப உறுத்துது. ஏன்னா, சாய்ச்சு பாத்தா பச்சையும் சிவப்புமா பட்ட பட்டயா தெரியுது, பேனல் போச்சு போலன்னு ஜனங்க பயப்படறப்போ பல சமயம் பேனல் நல்லாத்தான் இருக்கும், கோளாறு எல்லாம் மேல இருக்கற அந்த மெல்லிசு பிலிம்ல.

எல்சிடில ரெண்டு போலரைசர் இருக்கும், முன்னாடி ஒன்னு பின்னாடி ஒன்னு. அதோட உயிர் பிவிஏங்கற பிளாஸ்டிக், அத அயோடின்ல ஊற வச்சு அஞ்சாறு மடங்கு நீளத்துக்கு இழுத்தா மூலக்கூறு எல்லாம் ஒரே திசையில வரிசை கட்டிக்கும், அந்த திசையில அதிர்ற ஒளிய விழுங்கிட்டு குறுக்கால அதிர்றத மட்டும் வெளிய விடும். 1938ல எட்வின் லேண்ட் கண்டுபிடிச்ச வழி, அடிப்படை இன்னைக்கும் அதேதான். ஆனா இந்த பிவிஏ ரொம்ப நோஞ்சான், ஈரம் பட்டா கெட்டுடும், இழுத்த திசையிலயே கிழியும், அதனால ரெண்டு பக்கமும் பாதுகாப்புக்கு வேற பிலிம் ஒட்டியே ஆகணும். ரொம்ப காலம் அந்த வேலைய பாத்தது டிஏசி, அதாவது செல்லுலோஸ் ட்ரை அசிட்டேட். நல்ல பிலிம், ஒளிய கலைக்காது, ஆனா ஈரத்த தடுக்கறதுல வீக். ஸ்கிரீன் பெருசாக பெருசாக பெட் பிலிம் உள்ள வந்துச்சு (தண்ணி பாட்டில் செய்யற அதே பிளாஸ்டிக்தான்), விலை கம்மி, உறுதி ஜாஸ்தி, ஈரமும் அவ்வளவா ஊடுருவாது.

சிக்கல் ஆரம்பிச்சதே அங்கதான். பெட் பிலிம இழுத்துதான் தயாரிக்கறாங்க, அதனால ஒரு திசையில ஒளிவிலகல் எண் (ஒளிய எவ்வளவு மெதுவாக்குதுங்கற அளவு) ஒரு மாதிரி, குறுக்கு திசையில வேற மாதிரி இருக்கும். உள்ள போற ஒளி ரெண்டா பிரிஞ்சு ஒன்னு முந்தி ஒன்னு பிந்தி வெளிய வரும். அந்த வித்தியாசத்துக்கு பேர்தான் ரிட்டார்டேஷன், ரெண்டு எண்ணுக்கும் உள்ள வித்தியாசத்த பிலிமோட தடிமனால பெருக்கினா வரும். 0.04 வித்தியாசம், 50 மைக்ரான் தடிமன்னா 2000 நானோமீட்டர். இதுதான் ரொம்ப மோசமான அளவு, ஏன்னா கண்ணுக்கு தெரியுற 400லேர்ந்து 700 நானோமீட்டர் அலைநீளம் வரைக்கும் ரெண்டே ரெண்டு தடவதான் ஒளி ஏறி எறங்கும், ஒரு நிறம் தூக்கலாவும் இன்னொன்னு அமுங்கியும் போயிடும், பாக்கற கோணம் மாறினா நிறமும் மாறும். போலரைஸ்டு கண்ணாடி போட்டா பளிச்சுனு தெரியும், போடலன்னாலும் சாய்வா பாத்தா தெரியும், ஏன்னா சாஞ்ச கோணத்துல பிலிமோட மேல்பரப்பே ஒரு அரகுற போலரைசரா வேல செய்யுது.

இதுக்கு கண்டுபிடிச்ச தீர்வு இருக்கே, எனக்கு இன்னைக்கும் அத நெனச்சா சந்தோஷமா இருக்கும். எல்லாரும் ரிட்டார்டேஷன எப்படி கொறைக்கறதுன்னு மண்டைய ஒடச்சிட்டு இருந்தப்போ ஜப்பான்ல டொயோபோகாரங்க நேர் எதிர்ப்பக்கம் போனாங்க, 8000 நானோமீட்டர் கணக்குல ஏத்திவிட்டாங்க. பெட்ட ஒரே திசையில பலமா இழுத்து வித்தியாசத்த 0.1 பக்கம் கொண்டு வந்து, 80 மைக்ரான் தடிமன் வச்சா அந்த அளவு வந்துடும். இப்ப அதே 400 – 700க்குள்ள எட்டு ஒம்போது தடவ ஏறி எறங்குது. சிவப்புலயும் கொஞ்சம் கூடும் கொஞ்சம் கொறையும், பச்சையிலயும் அப்படித்தான், நீலத்துலயும் அப்படித்தான், எல்லாம் சேந்து கண்ணுக்கு வெள்ளையாவே தெரியும். வானவில் ஒழியல, கண்ணால பிரிச்சு பாக்க முடியாத அளவுக்கு நெருக்கிட்டாங்க, அவ்வளவுதான்.

ஆனா இதுல ஒரு கண்டிஷன் இருக்கு, அதத்தான் யாரும் சொல்றதில்ல. பேக்லைட்டோட (திரைக்கு பின்னாடி எரியற விளக்கு) ஒளி எல்லா நிறத்துலயும் தொடர்ச்சியா பரவியிருக்கணும். நீல எல்இடி மேல மஞ்சள் பாஸ்பர் (நீல ஒளிய வாங்கி வேற நிறத்துல ஒளிர்ற பொடி) போட்ட சாதா வெள்ளை எல்இடின்னா பிரச்சன இல்ல. நிறம் இன்னும் அழகா வரணும்னு இப்ப கேஎஸ்எஃப்னு ஒரு சிவப்பு பாஸ்பர் போடறாங்க, அதோட ஒளி 630 நானோமீட்டர் பக்கத்துல ஊசி ஊசியா சில நானோமீட்டர் அகலத்துலதான் வரும். 8000 ரிட்டார்டேஷன்ல ஒரு ஏத்த எறக்கத்துக்கே நடுப்பகுதியில கிட்டத்தட்ட 38 நானோமீட்டர் வேணும், ஊசி மாதிரி வர்ற ஒளி அதுக்குள்ள ஒரு மூலையில உக்காந்துக்கும், சராசரி எப்படி ஆகும்? பழைய பேக்லைட்டோட சுத்தமா இருந்த பிலிம் புது பேக்லைட்டோட திரும்ப நிறம் காட்டலாம். அதனால பிலிமையும் பேக்லைட்டையும் தனித்தனியா வாங்கி சேத்து ஒட்டிட்டு அப்புறம் பாத்துக்கலாம்னு இருக்கறது ரொம்ப தப்பான பழக்கம், ரெண்டையும் ஒன்னா வச்சுதான் கணக்கு போடணும்.

அடுத்தது ஹார்ட் கோட். கீறல் விழாம இருக்க மேல அக்ரிலிக் பூசுவாங்க, சுமார் அஞ்சு மைக்ரான். அக்ரிலிக்கோட ஒளிவிலகல் எண் 1.5, பெட்டுக்கு 1.65. இது ரெண்டும் சேர்ற எடத்துல ஒளி 0.2 சதவீதம் சொச்சம்தான் திரும்பும், மேல காத்து படற பரப்புல 4 சதவீதம் திரும்பும், அப்ப 0.2 என்ன பெருசுன்னு தோணும், எங்க லைன்ல புதுசா வர்ற பசங்களும் இதத்தான் கேப்பாங்க. ஆனா ரெண்டு அலையும் மோதும்போது கூட்டல் கழித்தல் நடக்கறது அலையோட உயரத்துல, அதனால அந்த 4 சதவீதம் எடத்துக்கு எடம் 2.3லேர்ந்து 6.1 வரைக்கும் ஆடும். பூச்சு தடிமன் 0.18 மைக்ரான் மாறினாலே ஒரு முழு சுத்து நிறம் வந்துடும், அஞ்சு மைக்ரான்ல அவ்வளவு துல்லியமா பூசறது லேசுப்பட்ட வேல இல்ல. டியூப்லைட் கீழ அணைச்சு வச்ச ஸ்கிரீன்ல எண்ணெ படிஞ்ச தண்ணி மாதிரி தெரியுதே, அது இதுதான். டிஏசில இந்த தொல்ல ரொம்ப கம்மி, எண் கிட்டக்க இருக்கும், கரைப்பானும் கொஞ்சம் உள்ள ஊறி எல்லைய மழுப்பிடும், பெட்ல ஊறாது. தீர்வு, நடுவுல 1.57 எண் உள்ள பிரைமர் (அடிப்பூச்சு) சுமார் 87 நானோமீட்டர் தடிமன்ல. எண்ண ஏத்த டைட்டானியாவோ சிர்கோனியாவோ பொடியா கலப்பாங்க. இத கேட்டா கூடுதல் செலவுன்னு சிலர் மொகம் சுளிக்கிறாங்க, இவ்வளவு வேல செஞ்ச பிலிம்ல கடைசி படியில மிச்சம் பிடிக்கறது எனக்கு ஏத்துக்கவே முடியல.

அதனால என் வேண்டுகோள், ரிவ்யூ எழுதறவங்க வெள்ளை ஸ்கிரீன் வச்சு, போலரைஸ்டு கண்ணாடி போட்டு ஒரு தடவ, போடாம சாஞ்ச கோணத்துல ஒரு தடவ பாத்து எழுதுங்க. ரெண்டு நிமிஷம் கூட ஆகாது. அப்புறம் ஸ்கிரீன அணைச்சிட்டு டியூப்லைட் கீழயும் பாருங்க. பாதுகாப்பு பிலிம் டிஏசியா பெட்டா, பெட்டுன்னா ரிட்டார்டேஷன் எவ்வளவுன்னு கம்பெனிகிட்ட கேளுங்க, நாலு பேர் கேட்டா ஸ்பெக் ஷீட்ல போட ஆரம்பிப்பாங்க.

இன்னொன்னு, வண்டி டாஷ்போர்டுல வர்ற டிஸ்ப்ளே. வெயிலுக்கு போலரைஸ்டு கண்ணாடி போட்டுட்டு ஓட்டறவருக்கு திரை மொத்தமா இருட்டிடக் கூடாது, கலர் கலராவும் தெரியக் கூடாது. ரிட்டார்டேஷன் அதிகமான பிலிம போலரைசர் அச்சுக்கு 45 டிகிரில ஒட்டினா ரெண்டு தொல்லையும் ஒரே அடியில தீரும், பேக்லைட் ஒத்துவந்தா. மத்த ஸ்கிரீன் எப்படியோ, வண்டில வர்றதுக்கு இத கட்டாயம் ஆக்கணும்ங்கறது என் கருத்து, இதப்பத்தி உங்க பேப்பர்ல விரிவா எழுதணும்னு கேட்டுக்கறேன்.

இப்படிக்கு,
பிலிம் கோட்டிங் தொழில்ல இருக்கும் ஒரு வாசகர்