சில் பேனல் மாற்றிய கதை

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. முட்டி வலி குறைந்து மாடிப்படி ஏறுகிறாய் என்று படித்ததும் மனதுக்கு நிம்மதி. மகளுக்கு அவள் கேட்ட பிரிவிலேயே வேலை கிடைத்தது அதைவிட நல்ல செய்தி. இங்கே எல்லோரும் சௌக்கியம்.

"அந்தப் பழைய வேனை இன்னுமா கட்டிக்கொண்டு அழுகிறாய்?" என்று கேட்டிருந்தாயே. அழுவது மட்டுமில்லை, அதன் இடது பக்கத்துச் சில் பேனலை வெட்டி எடுத்துவிட்டு, வீட்டிலேயே புதிதாக வெல்டிங் வைத்து முடித்திருக்கிறேன். உன் வண்டியிலும் அதே இடத்தில் பெயின்ட் கொப்பளிக்கிறது என்று எழுதியிருப்பதால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

கதவைத் திறந்தால் காலுக்குக் கீழே, முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில் நீளமாகப் போகிறதே, அதுதான் சில். பார்த்தால் அழகுக்கு வைத்த தகடு மாதிரி இருக்கும். ஆனால் தனியாகச் சேசிஸ் (அடிச்சட்டம்) இல்லாத வண்டிகளில் பாடி வளையாமல் நிற்பதற்கு அதுவும் ஒரு முக்கியக் காரணம். வெளித்தகடு, உள்தகடு, சில வண்டிகளில் நடுவே பலத்துக்கு இன்னொரு தகடு, எல்லாம் சேர்ந்து மூடிய பெட்டி. பெட்டியாக இருப்பதால்தான் ஏறக்குறைய 1 மி.மீ. தகடு அத்தனை பாரத்தைத் தாங்குகிறது. துருவுக்கும் அந்தப் பெட்டிதான் வசதி. சேறும் தண்ணீரும் உள்ளே போகும். அடியில் இருக்கும் வடிகால் துளை அடைத்துக்கொண்டால் வெளியே வராது. வெளியே பெயின்ட் கொப்பளிப்பது நம் கண்ணில் படும்போது உள்ளே பெரும்பகுதி போயிருக்கும்.

என் வண்டியில் ஸ்க்ரூடிரைவரை வைத்து லேசாக அழுத்தினேன், கைப்பிடி வரை உள்ளே போய்விட்டது. கிரைண்டரில் பெயின்ட்டை எடுத்தால் கீழே விரல் கனத்துக்குப் பட்டி, அதாவது பள்ளத்தை நிரப்பப் பூசுகிற பசை. பட்டிக்கு அடியில் ஒரு புதுத் தகடு. அதற்கும் அடியில் பழைய துருப்பிடித்த சில் அப்படியே! இடையில் மஞ்சள் நிறத்தில் ஃபோம் வேறு, தொட்டால் ஈரம் கசிந்தது. எந்த மகானுபாவர் செய்த வேலையோ, வண்டி என்னிடம் வருவதற்கு முன்னால் நடந்தது. துருவின் மேல் தகடு வைத்து மூடினால் இரண்டு தகட்டுக்கும் நடுவில் ஈரம் தங்கி முன்னைவிட வேகமாக அரிக்கும். அது ரிப்பேர் இல்லை, விற்பதற்குச் செய்கிற ஒப்பனை. யார் உன்னிடம் "மேலே ஒரு ஷீட் வைத்து அடித்துவிடலாம் சார்" என்று சொன்னாலும் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடு.

வெட்டுவதற்கு முன்னால் செய்கிற வேலையில்தான் பாதி வெற்றி. சில்லை எடுத்துவிட்டால் கதவு வாசல் சுருங்கலாம், விரியலாம். அந்த நிலையிலேயே புதுத் தகட்டை வைத்துவிட்டால் பிறகு கதவு ஜென்மத்துக்கும் சரியாக மூடாது. அதனால் கதவு வாசலின் மூலைக்கு மூலை குறுக்களவு எடுத்து எழுதி வைத்துக்கொண்டேன். கீல் போல்ட் இடத்திலிருந்து பூட்டு போல்ட் இடத்துக்குக் குறுக்கே ஒரு சதுரக் குழாயை முடுக்கினேன். ஸ்டாண்டுகளைச் சஸ்பென்ஷன் பக்கம் வைத்து வண்டியைச் சமமாக நிறுத்தினேன். வெட்டப் போகிற சில்லிலேயே ஜாக்கி வைக்கக் கூடாது. ஒரு பக்கம் முழுக்க முடிந்த பிறகுதான் மறுபக்கத்தைத் தொட வேண்டும்.

அப்புறம் தீ. பாட்டரியைக் கழற்றி, இருக்கை, தரைவிரிப்பு, ஒயர் எல்லாவற்றையும் அந்தப் பக்கத்திலிருந்து அப்புறப்படுத்தினேன். பெட்ரோல் குழாயும் பிரேக் குழாயும் எந்த வழியாகப் போகின்றன என்று கீழே படுத்துப் பார்த்தேன். அடியில் பூசிய தார் மாதிரியான பூச்சு நன்றாகவே எரியும். வெல்டிங் முடிந்து ஒரு மணி நேரம் வரை பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்வது நல்லது. புகைவது உடனே தெரியாது. தீயணைக்கும் சிலிண்டர் கை எட்டும் தூரத்தில் இருந்தது.

பழையதை எடுக்க 1 மி.மீ. கட்டிங் வீலும், கம்பெனியிலேயே புள்ளி புள்ளியாக வைத்த ஸ்பாட் வெல்டுகளைக் குடைய அதற்கென்றே இருக்கும் பிட்டும் போதும். அடியில் இருக்கும் நல்ல விளிம்பைக் காப்பாற்றுவதுதான் பொறுமையைச் சோதிக்கிறது. பளபளவென்று வெள்ளை உலோகம் தெரிகிற வரை வெட்டிக்கொண்டே போக வேண்டும். "இது போதும்" என்று கை நிற்கும் இடத்தைத் தாண்டி இன்னும் இரண்டு விரல் போனால்தான் பெரும்பாலும் நல்ல தகடு வருகிறது. துருவில் வெல்டிங் பிடிக்காது. வைத்த உடனே ஓட்டை விழும்.

உள்தகட்டை முதலில் ஒட்டுப் போட்டு முடித்தேன். பிறகு புதுச் சில்லைக் கிளாம்பிலும் திருகாணியிலும் நிறுத்தி, கதவை மாட்டி மூடிப் பார்த்து, இடைவெளி மேலிருந்து கீழ் வரை ஒரே மாதிரி வந்த பிறகுதான் மெஷினை ஆன் செய்தேன். பழைய ஸ்பாட் வெல்டு இருந்த இடங்களில் புதுத் தகட்டின் விளிம்பில் 8 மி.மீ. துளை போட்டு, அதன் வழியாக அடித்தகட்டோடு சேர்த்து நிரப்புவதுதான் பிளக் வெல்டு. நடுவில் அடித்தகட்டில் ஆரம்பித்து வட்டமாக வெளியே வர வேண்டும். நேர் இணைப்புகளில் வெல்டை நீளமாக ஓட்டினால் தகடு நெளிந்துவிடும். அங்கே ஒரு டேக் (பொட்டு மாதிரி சின்ன வெல்டு), ஒரு முழம் தள்ளி இன்னொரு டேக், ஆறவிட்டு நடுவில் ஒன்று, இப்படியே இடைவெளிகளை மூட வேண்டும். மெல்லிய இடத்துக்குப் பின்னால் செம்புப் பட்டை வைத்தால் சூட்டை அது வாங்கிக்கொள்ளும், வெல்டும் அதில் ஒட்டாது.

"கேஸ் இல்லாத மெஷின் வாங்கினால் போதாதா?" என்று கேட்டிருந்தாய். முடியும். ஆனால் அந்த மெஷினில் உருகி வெல்டாகிற கம்பி தெறிப்பது அதிகம், சூடும் அதிகம். மெல்லிய தகட்டில் புதிதாகப் பழகுகிறவனுக்கு வேண்டாத தொல்லை. 0.6 மி.மீ. கம்பியும் ஆர்கான்-கார்பன் டை ஆக்சைடு கலவையும் வைத்துக்கொள். காற்றடிக்கும் இடத்தில் நின்றால் வெல்டில் காற்றுப் படாமல் காக்கும் அந்த கேஸ் பறந்துபோய் வெல்டு புழு அரித்த மரம் மாதிரி ஓட்டை ஓட்டையாக வரும். ஆம்பியரையும் கம்பி வேகத்தையும் வேனில் செட் செய்யாதே. அதே கனத்தில் துண்டுத் தகடுகளை எடுத்துப் பழகி, சத்தம் ஒரே சீராகப் படபடக்கிற வரை மாற்றிப் பார். பிறகு அந்தத் துண்டை வைஸில் பிடித்து வளை. வெல்டு விட்டுப் போகாமல் பக்கத்துத் தகடு கிழிந்தால் சரியாகப் பிடித்திருக்கிறது என்று அர்த்தம்.

ஒரு எச்சரிக்கை. துத்தநாகம் பூசிய தகடு என்றால் வெல்டு விழும் இடத்தில் பூச்சைத் தேய்த்துவிடு. அந்தப் புகை காய்ச்சலும் நடுக்கமும் தரும். குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்த இடத்தில் வெல்டிங் வைக்கவே கூடாது, ஃபாஸ்ஜீன் என்ற விஷ வாயு உண்டாகும். கையும் கழுத்தும் மூடியிருக்கட்டும், வெல்டிங் பொறியின் (ஆர்க்) வெளிச்சம் தோலைச் சுட்டுவிடும்.

வெல்டிங் முடிந்ததும் சீலர், பிரைமர், பெயின்ட். அதை உனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. துருப்பிடிக்காமல் இருக்கப் பெட்டிக்குள் பீய்ச்சுகிற மெழுகை மட்டும் மறந்துவிடாதே. அது எரியும், அதனால் வெல்டிங், பெயின்ட் எல்லாம் முடிந்த பிறகு, நீளக் குழாய் வைத்து உள்ளே எல்லா மூலைக்கும் பீய்ச்ச வேண்டும். வடிகால் துளை வழியாகச் சொட்டினால் போய்ச் சேர்ந்துவிட்டது. சொட்டி முடிந்ததும் ஒரு கம்பியால் துளையைக் குத்தி விடு.

மெஷின் வாங்குவதற்கு முன்னால் ஸ்க்ரூடிரைவரோடு வண்டிக்கு அடியில் ஒருமுறை படுத்துப் பார்த்துவிட்டு எனக்கு எழுது. துரு சில்லோடு நின்றிருந்தால் துணிந்து இறங்கு. சஸ்பென்ஷன் பிடிக்கும் இடமும் சீட் பெல்ட் மாட்டும் இடமும் போயிருந்தால் தெரிந்த வெல்டரிடம் கொடுப்பதுதான் புத்திசாலித்தனம். முட்டி மடக்க முடியாவிட்டால் மகளைப் பார்க்கச் சொல், படம் எடுத்து அனுப்பட்டும்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்