படம் போடுறீங்களா, துண்டு போடுறீங்களா? ஞாயித்துக்கிழமை மத்தியானம் பழைய படம் போடுற சேனல்காரங்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கமுங்க.

சேனல் பேரை இங்க எழுதல, படிச்சா உங்களுக்கே தெரிஞ்சிரும். போன ஞாயித்துக்கிழமை மத்தியானம் ‘காதலிக்க நேரமில்லை’ போட்டீங்களே, அதுக்காகத்தான் இந்த லெட்டர். கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான், அந்தப் படத்தை ஒரே ஒரு தடவை முழுசா போடுங்க.

எங்க அம்மாவுக்கு 81 வயசு. 1964ல படம் வந்தப்ப கோயமுத்தூர்ல சித்தி வீட்டுக்குப் போன சாக்குல ரெண்டு தடவை பாத்தவங்க. எங்களுக்குப் பொள்ளாச்சி பக்கம், வால்பாறைக்கு எப்பப் போனாலும் ஆழியாறு தாண்டுறப்ப “அந்த கெஸ்ட் ஹவுஸ்லதான் விஸ்வநாதன் வேலை வேண்டும் பாட்டு எடுத்தாங்க”ன்னு சொல்லாம இருந்ததே இல்ல, நாங்களும் முதல் தடவை கேக்குற மாதிரியே “அப்படியா”ம்போம். உங்க விளம்பரத்தைப் பாத்துட்டு சனிக்கிழமையே என் பொண்ணுகிட்ட (ஒம்பது வயசு) நாளைக்கு போனைத் தொடக்கூடாது, பாட்டிகூட உக்காந்து படம் பாக்கணும்னு சத்தியம் வாங்கி வச்சுட்டாங்க. ஞாயித்துக்கிழமை பன்னண்டரைக்கே சாப்பாடு முடிஞ்சு, மாத்திரை போட்டு, சேரை டிவி கிட்ட இழுத்துப் போட்டாச்சு.

கதை உங்களுக்குத் தெரியாம இருக்காது. ரவிச்சந்திரன் ராஜஸ்ரீயை லவ் பண்றாரு, அவ அப்பா பாலையாவை மடக்க நான் பெரிய பணக்காரர் மகன்னு அடிச்சு விடுறாரு, இல்லாத அந்தப் பணக்கார அப்பாவா கிழவர் வேஷம் கட்டிட்டு வர்றது சிநேகிதன் முத்துராமன், வந்து பாத்தா அந்த வீட்டு இன்னொரு பொண்ணு காஞ்சனாதான் அவர் லவ் பண்ற பொண்ணு. இந்த மாதிரி ஒருத்தர் காதல்ல இன்னொருத்தர் கால் மாட்டிக்கிற கதையில ஒரு முடிச்சை உருவினாலும் போச்சு. நீங்க உருவினது அந்த வேஷம் போடுற முடிச்சையே. விளம்பரத்துக்கு முன்னாடி முத்துராமன் வாலிபரா இருந்தாரு, விளம்பரம் முடிஞ்சா ஹால்ல ஒரு கிழவர் உக்காந்திருக்காரு. என் பொண்ணு கேக்குறா, “பாட்டி, இந்தத் தாத்தா யாரு? ஏன் அந்த அக்காவையே பாக்குறாரு? போலீஸ்ல சொல்ல மாட்டாங்களா?” அம்மாவுக்குச் சிரிக்கிறதா அழுகறதான்னு தெரியல. டைரக்டர் ஸ்ரீதரும் சித்ராலயா கோபுவும் உக்காந்து சிரிக்கச் சிரிக்க எழுதுன காமெடியை பேட் டச் கேஸா மாத்துன பெருமை உங்க எடிட்டிங் டேபிளுக்குத்தான்.

சரி, போகட்டும்னு விட்டோம். அடுத்தது அந்த சீன். எந்த சீன்னு நான் சொல்லணுமா? ‘ஓஹோ புரொடக்சன்ஸ்’னு சினிமா கம்பெனி ஆரம்பிச்ச நாகேஷ், பணம் பேர்ற எண்ணத்துல அப்பா பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்ற சீன். பேய் கிடையாது, ரத்தம் கிடையாது, ரெண்டு மனுசங்க ஒரு ரூம் அவ்வளவுதான், நாகேஷ் வாயாலயே எல்லா சத்தத்தையும் குடுக்க குடுக்க பாலையா மூஞ்சி கொஞ்சங்கொஞ்சமா மாறும் பாருங்க, அது ஏறி ஏறி வரணுங்க, நடுவுல நிறுத்துனா திரும்ப ஏறாது, பால் பொங்கி வர்ற நேரத்துல அடுப்பை அணைச்ச மாதிரி. அம்மா பேத்தி தொடையைத் தட்டி “இப்பப் பாரு, இப்பப் பாரு”ங்கறாங்க. டொய்ங்னு தலைமுடி எண்ணெய் விளம்பரம். அப்புறம் மசாலா பொடி, அப்புறம் நகைக்கடை, அப்புறம் உங்க சீரியலோட இன்னிக்கு ராத்திரி திருப்பம். கடிகாரத்தைப் பாத்தேன், ஒம்பது நிமிசம். மணிக்கு 12 நிமிசத்துக்கு மேல விளம்பரம் கூடாதுன்னு விதி இருக்கறது உங்களுக்குத் தெரியாததில்ல. திரும்பி வந்தா சீன் மிச்சமே இல்ல, நேரா ஒரு பாட்டு.

அம்மா ஒண்ணும் பேசல. கொஞ்ச நேரம் கழிச்சு டிவி சத்தத்தைக் குறைக்கச் சொல்லிட்டு, மூட்டு வலியோட எந்திரிச்சு நின்னு, மிச்சக் கதையை அவங்களே பேத்திக்கு நடிச்சுக் காட்டுனாங்க. அவ விழுந்து விழுந்து சிரிச்சா. உங்களுக்கு அதுல ஒரு செலவும் இல்ல.

இன்னொண்ணும் சொல்லிடறேன், கோவிச்சுக்காதீங்க. அது அகல டிவிக்கு எடுத்த படமில்ல, அகலம் நாலுன்னா உயரம் மூணுங்கற கணக்குல எடுத்தது. அகல டிவியை ரொப்பணும்னு மேலயும் கீழயும் வெட்டுனா படத்துல நாலுல ஒரு பங்கு காணாமப் போகுது. ஆட்டம் போடுற பாட்டுல காலைக் காணோம், காலுக்கு மேல உங்க ஸ்க்ரோல் ஓடுது. சமூகப் படம்னா பெரும்பாலும் கறுப்பு வெள்ளைன்னு இருந்த காலத்துல ஈஸ்ட்மென் கலர்ல கேமராமேன் வின்சென்ட் மாஸ்டர் பாத்துப் பாத்து எடுத்தது அது. ரெண்டு பக்கமும் கறுப்பா இருந்தா எங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லைங்க, நாங்க டிவிக்கு வாங்கற வாடகையா குறையப் போகுது?

அதே வருசம் பொங்கலுக்கு வந்த ‘கர்ணன்’, அதுக்கும் விஸ்வநாதன் ராமமூர்த்திதான் மியூசிக், 2012ல சுத்தம் பண்ணி தியேட்டர்ல விட்டாங்க, கூட்டம் நின்னு பாத்துச்சு. பழைய படத்துக்கு ஆளில்லைன்னு நீங்க சொல்ல முடியாது. போன வருசம் வந்து ஊத்திக்கிட்ட படத்தையெல்லாம் மாசம் ரெண்டு தடவை ஒரு ஃபைட் குறையாம போடுறீங்க. அதுல நூறு பேர் அடிவாங்கி பறக்கறதுக்கு இருக்கற நேரம், காதலிக்கிறதுக்கு மட்டும் இல்லாமப் போச்சு. எங்க வயசுக்காரங்க சோப்பு வாங்க மாட்டோம்னு முடிவு பண்ணிட்டீங்களோ என்னமோ. மசாலா பொடி வாங்கறதே எங்க அம்மா சொல்றதுதான், அந்தக் கம்பெனிக்காரங்களுக்கும் சொல்லி வைங்க.

கோவத்துல நீளமா போயிருச்சு, மன்னிச்சுக்கங்க. விளம்பரம் இல்லாம சேனல் நடத்த முடியாதுன்னு எனக்கும் புரியுது. பாட்டு முடிஞ்சதும் போடுங்க, சீன் மாறும்போது போடுங்க, யாரு வேண்டாங்கறது. வேஷம் போடுற இடத்தையும் பேய்க்கதையையும் மட்டும் தொடாதீங்க. ஒரே ஒரு தடவை முழுசா, தலையும் காலும் இருக்கற மாதிரி போடுங்கன்னு தாழ்மையோட கேட்டுக்கறேன்.

போடறதா இருந்தா முதல் நாளே ஸ்க்ரோல்ல நேரத்தைச் சொல்லிருங்க. அம்மா மத்தியான மாத்திரை போட்டா தூங்கிருவாங்க, அன்னிக்கு படம் முடிஞ்சப்புறம் குடுத்துக்கறேன்.

இப்படிக்கு,
பொள்ளாச்சிப் பக்கத்துல இருந்து ஒரு மகன்