முதல் 200 மீட்டரை முழுதாக முடியுங்கள்

ஆசிரியருக்கு,

அரசுக் கட்டுமானப் பணிகளில் 'அஜைல்' முறையை, அதாவது வேலையைச் சிறு பகுதிகளாக முடித்து, கண்டதற்கு ஏற்பத் திட்டத்தை மாற்றிக்கொண்டே போகும் முறையைக் கையாளலாம் என்ற கருத்தைத் தங்கள் இதழில் படித்தேன். வடிகால், சாலைப் பணிகளில் 31 ஆண்டுகள் பொறியாளராக இருந்தவன் என்பதால் எழுதுகிறேன்.

2001-இல் மென்பொருள் வல்லுநர்கள் 17 பேர் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் கூடி வகுத்த கொள்கை அது. நிரலை இன்று எழுதி நாளை மாற்றலாம். போட்ட அடித்தளத்தை மாற்ற முடியாது. பாலத்துக்கும் அணைக்கும் வடிவமைப்பை முழுதாக முடித்த பிறகே மண்வெட்டியை எடுக்க வேண்டும். மழைநீர் வடிகால் அப்படியல்ல. தோண்டும் வரை மண்ணுக்குள் என்ன கிடக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

ஒரு தெருவில், வரைபடத்தில் இல்லாத மின்வடம் குறுக்கே வந்தது. வடிகாலை ஒன்றரை அடி தள்ளிக் கட்டினால் போதும். அங்கே நின்ற மேஸ்திரிக்கே அது தெரிந்தது. ஆனால் திருத்திய மதிப்பீடு தயாராகி, கோப்பு மேலே போய்த் திரும்ப நான்கு மாதம் ஆனது. அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. திறந்து கிடந்த பள்ளத்தில் விழுந்து ஒரு மூதாட்டிக்கு இடுப்பெலும்பு முறிந்தது. அந்த அம்மாவைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றியவர்களில் நானும் ஒருவன். இன்றும் அது மனத்தை விட்டு அகலவில்லை.

1964 டிசம்பர் புயலில் சிதைந்த பாம்பன் பாலத்தைச் சீரமைக்க ரயில்வே வைத்த கெடு ஆறு மாதம். ரயில்வே பொறியாளர் இ.ஸ்ரீதரன் 46 நாட்களில் முடித்தார். கடலில் விழுந்த கர்டர்களையே (இரும்பு உத்திரங்களையே) மீட்டு மீண்டும் பொருத்தினார்கள். களத்தில் கண்டதற்கு ஏற்ப வேலையை மாற்றிக்கொள்ள அன்று முடிந்தது.

வடிகாலுக்கு நான் கேட்பது இதுதான். நீர் கால்வாயில் சேரும் முனையில் தொடங்கி மேல்நோக்கி வாருங்கள். முதல் 200 மீட்டரைக் கட்டி, மூடி போட்டு, சாலையையும் செப்பனிட்ட பிறகே அடுத்த 200 மீட்டரைத் தோண்டுங்கள். நடுவில் மழை வந்தாலும் முடிந்த பகுதியில் தண்ணீர் ஓடும். வட்டாரம் முழுவதையும் ஒரே நேரத்தில் தோண்டிப் போட்டால் எந்தத் தெருவிலும் ஓடாது. மின்வாரியம், குடிநீர் வாரியம், ஒப்பந்ததாரர், மேஸ்திரி எல்லோரும் வாரம் ஒருநாள் பள்ளத்தருகே கூடி, சொன்ன வேலை ஏன் முடியவில்லை என்பதை எழுதி வைக்க வேண்டும்.

நிலத்தடித் தடைகளுக்கென ஒப்பந்தத்திலேயே ஒரு தொகை ஒதுக்கி, அந்த வரம்புக்குள் உதவிச் செயற்பொறியாளரே அன்றே முடிவெடுக்க அரசாணை வேண்டும். செய்த வேலையைக் குறித்து வைக்கும் அளவுப் புத்தகத்தில் புகைப்படத்தோடு பதிந்த முடிவைத் தணிக்கையும் ஏற்க வேண்டும். இந்தப் பாதுகாப்பு இல்லாததால்தான் நேர்மையான பொறியாளரும் கோப்பை மேலே தள்ளுகிறார். நானும் அன்று அதைத்தான் செய்தேன். 1998-ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டத்தைத் தளர்த்தச் சொல்லவில்லை. ஒப்பந்ததாரரைத் தேர்ந்தெடுத்த பிறகு வரும் சிக்கல்களைப் பற்றியே பேசுகிறேன்.

அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒரே ஒரு வார்டில் இப்படிச் செய்து பார்க்கட்டும். சம்பளம் வேண்டாம்; அந்த வாரக் கூட்டங்களுக்கு நான் வரத் தயார்.

- ஓய்வு பெற்ற உதவிச் செயற்பொறியாளர், சென்னை