கம்பிக்கே கம்பி நீட்டுகிறாயா?

மல்லேஸ்வரம், பெங்களூரு

அடியே கம்பி,

நாலு மாதமாகப் பதில் போடாதது என் தப்புதான், திட்டி முடித்துவிட்டுப் படி. இங்கே எல்லோரும் சௌக்கியம். நம் வாத்தியார் பெரியவருக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக ஆகிவிட்டது. இப்போது நம் பழைய பல் மாடல்களைக்கூடக் கண்ணாடியில்லாமல் பார்த்துக் குறை சொல்லுவாராம்.

அது இருக்கட்டும். 3டி பிரின்டர் வாங்கியாயிற்று, இனிமேல் மும்பை மாட்டுங்கா கிளினிக்கில் பல்லை நிமிர்த்தக் கம்பியும் அதைப் பிடிக்கப் பல்லில் ஒட்டும் பிராக்கெட்டும் கிடையாது, யார் வந்தாலும் கழற்றி மாட்டும் பிளாஸ்டிக் உறையான அலைனர்தான் என்று எழுதியிருக்கிறாயே, உனக்கே நியாயமா இது? கம்பியில் லூப் வளைப்பதில் இவளை மிஞ்ச ஆளில்லை என்று பேரெடுத்த கை, கடைசியில் கம்பிக்கே கம்பி நீட்டுகிறது!

பத்தில் நாலு அலைனர் உட்காரவில்லை, பிரின்டர்தான் மோசம் என்கிறாய். பாவம், அதை விடு. 0.1 மி.மீ. அடுக்கில் அடித்தாலே இந்த வேலைக்குத் தாராளம். கோளாறு அதற்கு முன்னாலோ பின்னாலோ இருக்கும்.

உன் ஊர் மழையிலிருந்தே தொடங்குகிறேன். அலைனர் செய்கிற பி.இ.டி.ஜி. பிளாஸ்டிக் ஷீட் ஈரத்தைக் குடிக்கும். ஜூன் பிறந்ததும் பிரித்த பாக்கெட்டை மேசையில் திறந்துபோட்டு வைத்தால், சூடேறும்போது குடித்த தண்ணீரெல்லாம் குமிழியாகக் கிளம்பும். சிலிக்கா ஜெல் போட்டு இறுக்க மூடி வை. அடுத்தது, பிரின்டரில் அடித்து, சூடான ஷீட்டை மேலே அழுத்துகிற பல் மாடல். ரெசினை மிச்சம் பிடிக்கிறேன் என்று உள்ளே கூடாக அடித்தாயானால் சுவர் 2 மி.மீ.க்குக் குறைய வேண்டாம். ஷீட்டை அழுத்தும் காற்று அதை நெளித்துவிடும், கண்ணுக்குத் தெரியாது, வாயில்தான் தெரியும். ஆல்கஹாலில் அலசியபின் நன்றாக உலர்ந்த பிறகே ரெசினை இறுக்குகிற ஒளிப்பெட்டியில் வை. அவசரப்பட்டால் மேல்பரப்பு பிசுபிசுத்து, ஷீட் ஒட்டிக்கொண்டு, அலைனர் மூடுபனி மாதிரி வரும். ஆறுவதற்கு முன்னால் மாடலிலிருந்து பிடுங்காதே. வெட்டும்போதும் ஈறின் வளைவுக்கெல்லாம் வளைந்துகொடுத்து அழகு பார்க்காமல், ஈறைத் தாண்டி 2 மி.மீ. விட்டு நேராக வெட்டு. பார்க்கச் சுமார்தான், பிடிப்பு அதில்தான்.

இதெல்லாம் ஒரு வாரத்தில் கைக்கு வந்துவிடும். நான் பயப்படுவது பல்லின் பக்கவாட்டை ராவி இடம் உண்டாக்குகிற ஐ.பி.ஆர். வேலைக்கு. சாஃப்ட்வேர் 0.3 மி.மீ. என்று போட்டிருக்கும். நீ ராவுகிற ஸ்ட்ரிப்பை நாலு இழு இழுத்துவிட்டு, போதும் என்று எழுந்துவிடுவாய். இடுக்கை அளக்கும் கேஜ் வைத்துப் பார்த்தால் 0.2. ஒரு கோரைப்பல்லிலிருந்து மறு கோரைப்பல்வரை ஐந்து இடுக்கு. ஒவ்வொன்றிலும் 0.1 குறைந்தால் மொத்தம் அரை மில்லிமீட்டர். ஒரு கட்டத்தில், அதாவது ஒரு அலைனரில், ஒரு பல் நகர்வதே சுமார் 0.25 மி.மீ.தான். ஆக, இரண்டு கட்ட நகர்வுக்குப் போக இடமே இல்லை. திரையில் பற்கள் ஜம்மென்று வரிசையில் நிற்கும்; வாயில் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு அசையாது. ஆறாவது அலைனர் உட்காராதபோது நீ பிரின்டரைத் திட்டுவாய்.

இன்னொன்று. குறுக்காக ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும் பல்லை முதல் நாளே ராவாதே. வரிசைக்கு வந்தபின் எந்த இடம் பக்கத்துப் பல்லைத் தொடுமோ அது அப்போது ஸ்ட்ரிப்புக்கு எட்டாது. வேறு இடத்தை ராவிவிட்டு, அந்த எனாமலைத் திரும்பக் கொண்டுவர முடியாமல் முழிப்பாய். கொஞ்சம் திரும்பட்டும், நாலாவது ஐந்தாவது கட்டத்துக்குத் தள்ளிப்போடு. ஒரு இடுக்கில் 0.5க்கு மேல் போகாதே. கீழ் முன்பற்களில் அதற்கும் முன்பே நிறுத்திக்கொள், அங்கே எனாமல் மெல்லிசு. ராவிய இடத்தை வழவழப்பாக்கி ஃபுளோரைடு தடவாமல் அனுப்பாதே.

அலைனருக்குப் பிடி கொடுக்கப் பல்லில் ஒட்டுகிற அட்டாச்மென்ட் உனக்குத் தண்ணி பட்ட பாடு: 37 சதவீத பாஸ்போரிக் ஆசிட் முப்பது வினாடி, கழுவு, உலர்த்து, பாண்ட், டெம்ப்ளேட்டில் காம்போசிட். ஆனால் காம்போசிட் அளவு பிசகக் கூடாது. கூடினால் ஓரத்தில் வழிந்து அலைனரைத் தூக்கும். குறைந்தால் உள்ளே காற்று நின்று முனை மழுங்கி, பிடி வழுக்கும்.

சரியாகப் போகிறதா என்று பார்க்க மேல் லேட்டரலை, அதாவது நடுப்பல்லுக்கு அடுத்த பல்லைப் பார். முதலில் ஏமாற்றுவது அதுதான். அதன் நுனிக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவே பிறை மாதிரி இடைவெளி தெரிந்தால் அடுத்த அலைனரைக் கொடுக்காதே. அதே அலைனரை இன்னும் ஒரு வாரம் போடச் சொல், சூயீ என்கிற மெத்தென்ற உருளையைக் கடிக்கச் சொல். அப்படியும் மூடவில்லையென்றால் மறுபடி ஸ்கேன்தான்.

பேஷன்ட்டிடம் நாளுக்கு 22 மணி நேரம் போட்டிரு என்று சொல்வது சுலபம். மாட்டுங்கா மாமிகளை வைத்துக் கணக்குப் போட்டுப் பார். மூன்று வேளைச் சாப்பாடு அரை மணி வீதம் ஒன்றரை மணி. இரண்டு காபி கால் மணி வீதம் அரை மணி. தீர்ந்தது இரண்டு மணி! மூன்றாவது காபிக்கு எங்கே போவது? கழற்றாமலே குடித்தால் சூட்டில் பிளாஸ்டிக் வளையும், கறையும் ஏறும். சாம்பார் பட்டு மஞ்சளான, கம்பியைப் பிராக்கெட்டில் கட்டுகிற வெள்ளை ரப்பர் மாட்யூல்களைப் பார்த்து யாரோ அழுதாளே, நினைவிருக்கிறதா?

அலைனர் புது மதம் ஒன்றும் கிடையாதடி. பிளாஸ்டர் மாடலில் பல்லை அறுத்து மெழுகில் நிமிர்த்தி வைத்து, அதன்மேல் பல்லை நகர்த்தும் ரப்பர் பொசிஷனர் செய்து கெஸ்லிங் என்ற அமெரிக்கப் பல் டாக்டர் எழுதியது 1945ல். படிப்படியாக ஒரு வரிசையே செய்யலாம் என்பதும் அவர் யோசனைதான். அத்தனை மாடலைக் கையால் யார் அறுப்பது? 1997ல் தொடங்கிய அலைன் கம்பெனி அந்த வேலையைக் கம்ப்யூட்டரிடம் தள்ளிவிட்டது. கம்பிப் பக்கமும் யாரும் தூங்கவில்லை. நம் துறையின் முன்னோடி எட்வர்ட் ஆங்கிள் தங்கக் கம்பியை மனதில் வைத்து அளந்த 0.022 அங்குல பிராக்கெட் பள்ளத்தில், அமெரிக்கக் கப்பற்படை ஆய்வுக்கூடத்தில் பிறந்த நிக்கல் டைட்டானியக் கம்பியை இன்றைக்கும் மாட்டிக்கொண்டிருக்கிறோம். உருண்டையான ப்ரீமோலார் (முன்கடைவாய்ப் பல்) நாற்பது டிகிரி திரும்பியிருந்தால் பிளாஸ்டிக் அதன்மேல் வழுக்கும். 0.014 அங்குலக் கம்பி, பேஷன்ட் காபி குடித்தாலும் தூங்கினாலும், தன்பாட்டுக்குத் திருப்பிக்கொண்டே இருக்கும். கீழே இழுக்க வேண்டிய பல், பல்லெடுத்த இடத்தை வேரோடு நகர்த்தி மூட வேண்டிய கேஸ், இவற்றுக்கெல்லாம் பிராக்கெட்டைப் போடு. நீ தொடங்க வேண்டியது மூன்று நாலு மி.மீ. நெருக்கம், முன்பற்கள் ஆறு மட்டும், பத்துப் பன்னிரண்டு கட்டம். அதற்கு மேல் இப்போதைக்கு ஆசைப்படாதே.

உட்காராத அந்த நாலு அலைனரையும் மாடலோடு ஒரு பெட்டியில் போட்டுக் கூரியரில் அனுப்பு. எந்த இடுக்கில் எவ்வளவு ராவினாய் என்று எழுதி வை, உத்தேசமாக வேண்டாம், கேஜ் வைத்துப் பார்த்து. சிரிக்க மாட்டேன். பெரியவரிடம் காட்ட மாட்டேன் என்று மட்டும் சத்தியம் செய்ய முடியாது.

உன்
ப்ளையர்