கேபிள் கட்டணத்துக்கு ரசீது எங்கே?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டுக் கேபிள் தொலைக்காட்சிக்கும் இணைய இணைப்புக்கும் மாதந்தோறும் கட்டும் பணத்தைக் கைபேசி வழியாகச் செலுத்தும் வழக்கம் இன்று சிற்றூர்கள் வரை பரவிவிட்டது. மாதம் பிறந்ததும் கேபிள்காரரின் பையன் படியேறி வந்து, அட்டையில் அந்த மாதக் கட்டத்தில் கையெழுத்திட்டு, சில்லறை இல்லை என்று தலையைச் சொறிந்த காலம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. இப்போது அவர் வாசலிலேயே நின்று கியூஆர் அட்டையை நீட்டுகிறார். அல்லது வாட்ஸ்அப்பில் ஓர் எண்ணை அனுப்பி, "இதுல போட்டுட்டு ஸ்கிரீன்ஷாட் அனுப்பிடுங்க சார்" என்கிறார். வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் இந்த வசதியினூடே ரசீது என்ற ஒன்று சத்தமில்லாமல் காணாமற்போயிருக்கிறது. கூட்டுறவு வங்கியொன்றில் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதாலோ என்னவோ, இது எனக்குச் சற்று அதிகமாகவே உறுத்துகிறது.

கைபேசியிலிருந்து கேபிள் பணம் போவதற்கு இரண்டு வழிகள் உள்ளன. கேபிள் நிறுவனத்தின் இணையதளத்திலோ செயலியிலோ, அல்லது யுபிஐ செயலிகளில் இருக்கும் பில் கட்டும் பகுதியிலோ சென்று, செட்டாப் பாக்ஸ் எண்ணையோ வாடிக்கையாளர் எண்ணையோ கொடுத்துக் கட்டுவது முதல் வழி. அந்தப் பில் பகுதிக்குப் பின்னால் இயங்குவது, யுபிஐயை நடத்தும் என்பிசிஐ நிறுவனம் உருவாக்கிய பாரத் பில் பேமென்ட் என்னும் ஏற்பாடு. மின்சாரம், தொலைபேசி, டிடிஎச், எரிவாயு, குடிநீர் ஆகிய ஐந்து வகைக் கட்டணங்களோடு தொடங்கிய இதனை, மாதாமாதம் வரக்கூடிய ஏனைய கட்டணங்களுக்கும் ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் திறந்துவிட்டது. இரண்டாவது வழி, அந்த நிறுவனத்திடமிருந்து இணைப்பை வாங்கி வீடுகளுக்குத் தரும் கேபிள்காரரின், அதாவது ஆபரேட்டரின், தனிப்பட்ட எண்ணுக்குப் பணத்தை அனுப்பிவிடுவது. கைபேசித் திரையில் இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் பச்சை டிக் விழும். ஆனால் முதல் வழியில் பணத்தோடு கூடவே வாடிக்கையாளர் எண்ணும் போகிறது. இன்னாருடைய இணைப்புக்கு வந்த பணம் என்று இரு தரப்பிலும் பதிவாகிறது. இரண்டாவது வழியில், ஒருவர் கணக்கிலிருந்து இன்னொருவர் கணக்குக்குப் பணம் போனது என்பது மட்டுமே பதிவு. அது கைமாற்றா, கல்யாண மொய்யா, கேபிள் கட்டணமா என்பது வங்கிக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய தேவையும் அதற்கு இல்லை.

இந்த வேறுபாடு, எல்லாம் ஒழுங்காக நடக்கும்வரை யாருக்கும் உறைப்பதில்லை. எங்கள் தெருவில் தனியாக வசிக்கும் ஓய்வூதியர் அம்மாள் ஒருவருக்காக, வெளியூரிலிருக்கும் பேரன் வழக்கமாக அனுப்பும் எண்ணுக்கே இரண்டு மாதத் தொகையைச் சேர்த்து அனுப்பினான். மறுநாள் மாலை சீரியல் நேரத்தில் சந்தா முடிந்துவிட்டதென்ற அறிவிப்புத் திரையில் வந்து நின்றது. கேட்டால், "பணம் வரலையேம்மா" என்றார் ஆபரேட்டர். அவர் சொன்னதும் பொய்யில்லை. வசூலுக்கு வந்துகொண்டிருந்த பழைய பையன் வேலையை விட்டுப் போயிருந்தான், அந்த எண்ணும் அவனுடையது. வங்கிக்குச் சென்றபோது, பரிவர்த்தனை வெற்றிகரமாக முடிந்துவிட்டது, தங்களால் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று சொன்னார்கள். விதிப்படி அதுவும் சரியே. அம்மாள் மீண்டும் பணம் கட்டினார்.

இதே பணம் வாடிக்கையாளர் எண்ணோடு முறைப்படி போயிருந்தால் நிலைமை வேறு. 2019 செப்டம்பர் 20 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, வணிகருக்கு யுபிஐ வழியாகச் செலுத்தும்போது நம் கணக்கில் பணம் கழிந்து, அவர் தரப்பில் உறுதிச் செய்தி வராமற்போனால், ஐந்து நாட்களுக்குள் அத்தொகை தானாகவே திரும்ப வந்துசேர வேண்டும். அதற்குமேல் ஆகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உண்டு. நாம் கேட்காமலே அதைத் தர வேண்டும் என்பதும் விதிதான். வங்கியிடம் புகார் கொடுத்து 30 நாட்களில் தீர்வு கிடைக்காவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை அணுகலாம். பணம் போய்ச்சேர்ந்தும் இணைப்பு உயிர்பெறவில்லை என்றாலும், பில் பகுதியில் கட்டியவர் பரிவர்த்தனை எண்ணைக் குறிப்பிட்டு அதே செயலியில் புகார் பதியலாம். தனிப்பட்ட எண்ணுக்கு அனுப்பியவரிடமோ ஒரு ஸ்கிரீன்ஷாட் மட்டுமே இருக்கிறது.

ரசீது இல்லாததன் இன்னொரு விளைவு, எதற்கு எவ்வளவு கட்டுகிறோம் என்பதே வீடுகளுக்குத் தெரியாமற்போனது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்த கட்டண முறைப்படி, கேபிள் கட்டணம் என்பது ஒற்றைத் தொகை அல்ல. இணைப்பைத் தருவதற்கான கட்டணம் தனி; விரும்பித் தேர்ந்தெடுக்கும் கட்டணச் சேனல்களின் விலை தனி; இவற்றின்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. இணைப்புக் கட்டணத்துக்கு அப்போது 130 ரூபாய் உச்சவரம்பு இருந்தது. வரியோடு 153 ரூபாய் 40 காசு. 2024 ஜூலையில் அந்த உச்சவரம்பும் நீக்கப்பட்டது; நிறுவனங்களே தங்கள் கட்டணத்தை முடிவு செய்து வெளியிட்டுக்கொள்ளலாம் என்றாகிவிட்டது. உச்சவரம்பு போன பிறகு பில்லின் தேவை முன்னைவிடக் கூடியிருக்கிறது என்பதே என் எண்ணம். ஆனால் நடப்பது என்னவென்றால், "இந்த மாசத்துலேர்ந்து முப்பது ரூபா சேர்த்துப் போடுங்க, சேனல்காரங்க ஏத்திட்டாங்க" என்று ஒரு குரல்செய்தி வருகிறது, நாமும் போட்டுவிடுகிறோம். எந்தச் சேனல் ஏற்றியது, அந்தச் சேனலை நாம் பார்க்கிறோமா, வேண்டாமென்று சொல்ல வழி இருக்கிறதா என்று கேட்பதற்குக் கையில் ஒரு தாளாவது வேண்டாமா? வரி என்று சொல்லி ஒரு தொகையை வாங்குகிறவர், வரிப் பதிவு எண்ணோடு கூடிய பில்லைத் தர வேண்டும் என்பது கடைத்தெருவில் எல்லோரும் அறிந்த விதி. கேபிளுக்கு மட்டும் அது ஏன் பொருந்தாமற்போயிற்று என்று தெரியவில்லை. கட்டணத்தைப் பெற்றுக்கொண்டதற்கு ரசீது தர வேண்டுமென்று டிராய் 2017-இல் வெளியிட்ட சேவைத்தர விதிமுறைகளிலேயே இருக்கிறது.

சரி, முறையான வழியிலேயே கட்டிவிடலாமே என்று நிறுவனத்தின் இணையதளத்துக்குள் நுழைய முயன்றவர்கள் இன்னொரு விநோதத்தைக் கண்டிருப்பார்கள். தொலைக்காட்சிக்குப் பின்னால் கையை விட்டு, பாக்ஸைத் திருப்பி, தூசியைத் துடைத்து, அடியில் ஒட்டியிருக்கும் சிறு தாளிலிருந்து எண்ணை ஒவ்வொரு இலக்கமாகப் படித்துத் தட்டெழுதினால், 'பதிவு செய்யப்பட்ட கைபேசிக்கு ஓடிபி அனுப்பப்பட்டுள்ளது' என்று வருகிறது. நம் கைபேசிக்கு ஒன்றும் வருவதில்லை. இணைப்பு கொடுத்த நாளில் விண்ணப்பத்தை நிரப்பியவர் ஆபரேட்டர். அவசரத்திலோ வசதிக்காகவோ தம் எண்ணையே எல்லா வீடுகளுக்கும் எழுதிவிட்டிருக்கிறார். எங்கள் தெருவில் விசாரித்தவரை பெரும்பாலான வீடுகளின் கதை இதுதான். நம் வீட்டு இணைப்புக்குள் நுழைவதற்கான கடவு எண் இன்னொருவர் சட்டைப்பையில் ஒலித்துக்கொண்டிருக்கிறது. எண்ணை மாற்றித்தரக் கேட்டால், "அதெல்லாம் எதுக்கு சார், எங்கிட்டயே குடுங்க, நான் பாத்துக்கறேன்" என்பதே பதில்.

இவ்வளவும் எழுதியதால் ஆபரேட்டர்கள்மீது குறை சொல்வதே என் நோக்கமென்று கொள்ள வேண்டாம். மழைக்காலத்தில் கம்பம் சாய்ந்தாலும், அணில் கடித்து வயர் அறுந்தாலும், நாம் அழைப்பது நிறுவனத்தின் கட்டணமில்லா எண்ணை அல்ல, அவரைத்தான். இரவு ஒன்பது மணிக்கும் ஏணியோடு வந்து நிற்கிறவர் அவர். ஒவ்வொரு பாக்ஸையும் உயிர்ப்பிக்க அவர் நிறுவனத்தின் கணக்கில் முன்பணம் ஏற்றி வைத்திருக்க வேண்டும். பத்துத் தேதி தாண்டியும் பணம் தராத வீடுகளுக்குத் தம் கைப்பணத்திலிருந்து இணைப்பைத் தொடர்கிறவர்களும் உண்டு. வாடிக்கையாளர் நேரடியாக நிறுவனத்துக்குக் கட்டிவிட்டால், இணைப்புக் கட்டணத்தில் அவருக்குரிய பங்கு எப்போது வரும், எதில் கழித்துக்கொள்ளப்படும் என்பது அவருக்கே தெளிவாக இருப்பதில்லை. நிறுவனத்துக்கும் ஆபரேட்டருக்கும் தனி ஒப்பந்தம் இல்லாதபோது இக்கட்டணத்தை 55-க்கு 45 என்று பிரித்துக்கொள்ள வேண்டுமென டிராய் வரையறுத்திருக்கிறது. அந்த 45 பங்கு அன்றன்றே தம் கணக்குக்கு வந்துவிடும் என்ற உறுதி இருந்தால், எந்த ஆபரேட்டரும் தம் தனிப்பட்ட எண்ணைத் தெருவெங்கும் கொடுத்துக்கொண்டிருக்க மாட்டார். ஒரே கட்டணத்தை வாங்கும்போதே இரண்டு கணக்குகளுக்குப் பிரித்து அனுப்பும் வசதி இன்றைய பணப்பரிவர்த்தனை நிறுவனங்களிடம் இருக்கிறது. வாங்கி இணைக்க வேண்டியது கேபிள் நிறுவனங்களின் பொறுப்பு.

இணையக் கட்டணத்தில் நிலைமை இவ்வளவு மோசமில்லை. அங்கே பெரும்பாலும் வாடிக்கையாளர் எண், பில், மின்னஞ்சல் ரசீது எல்லாம் முறையாகவே இருக்கின்றன. விளம்பரத்தில் 499 என்று பெரிய எழுத்தில் போட்டுவிட்டு, கட்டப்போகும்போது வரியோடு 588 ரூபாய் 82 காசு காட்டுவதைத்தான் எத்தனை முறை பார்த்தாலும் சகிக்க முடிவதில்லை. தானியங்கிப் பிடித்தம் பற்றி மட்டும் ஒரு சொல். கார்டிலோ யுபிஐயிலோ ஒருமுறை ஒப்புதல் கொடுத்துவிட்டால், 15,000 ரூபாய் வரையிலான தொகையை ஒவ்வொரு முறையும் ஓடிபி கேட்காமலே எடுத்துக்கொள்ளலாம். எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பு தகவல் தர வேண்டும். வீடு மாறும்போது இணைப்பைத் துண்டிக்கச் சொல்பவர்கள் இந்த ஒப்புதலை ரத்துசெய்ய மறந்துவிடுகிறார்கள். யுபிஐ செயலியிலேயே ஆட்டோபே என்ற பகுதியில் அதை நிறுத்திவிடலாம்.

கேபிள் கட்டணத்துக்கு மின்வாரியத்தையே முன்மாதிரியாகக் கொள்ளலாம். மின் இணைப்பு எண்ணைக் கொடுத்தால் தொகை தானாக வருகிறது. கட்டி முடித்ததும் அந்த எண்ணோடு ரசீது வருகிறது. யார் கட்டினாலும், எந்த ஊரிலிருந்து கட்டினாலும் பணம் சேருமிடத்தில் சேர்கிறது. படிப்பறிவு குறைந்த முதியவர்கள்கூட அந்த எண்ணை அட்டையில் எழுதிக்கொண்டு இ-சேவை மையத்துக்குப் போய்க் கட்டிவிட்டு வருகிறார்கள். கேபிளுக்கும் அதுவே போதும். ஆபரேட்டர் வாசலில் நீட்டும் கியூஆர் அட்டைகூட இருக்கட்டும். அது அவருடைய சொந்தக் கணக்குக்கானதாக இல்லாமல், நிறுவனத்தின் வழியாக ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியாக அச்சிட்டதாக இருந்தால், அதிலேயே பாக்ஸ் எண்ணும் அடங்கிவிடும். யுபிஐ மற்றும் ரூபே டெபிட் கார்டு பரிவர்த்தனைகளுக்கு 2020 ஜனவரியிலிருந்து வணிகரிடம் கட்டணம் பிடிப்பதில்லை என்பதால், செலவாகிறது என்ற சமாதானத்துக்கும் இடமில்லை.

இந்த ஒழுங்கின்மையை மோசடிக்காரர்கள் நம்மைவிட விரைவாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். 'இன்றிரவு மின்சாரம் துண்டிக்கப்படும், உடனே இந்த எண்ணை அழைக்கவும்' என்று மின்வாரியத்தின் பெயரால் வந்த போலிச் செய்திகளை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். முகம் தெரியாத எண்ணிலிருந்து வரும் கியூஆர் படத்துக்கு மாதாமாதம் பணம் போட்டுப் பழகிய வீட்டில், அதேபோல இன்னொரு படம் வந்தால் யார் சந்தேகப்படப் போகிறார்கள்? ஏமாந்தவர்கள் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணில் தெரிவிப்பது நல்லது; பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் முடக்க வாய்ப்புண்டு.

தனியார் கேபிள் நிறுவனங்கள் செய்யும்வரை காத்திருக்காமல், 2011-இல் மாதம் 70 ரூபாய்க்குக் கேபிள் இணைப்புத் தந்து கட்டணத்தில் மாநிலத்துக்கே வழிகாட்டிய அரசு கேபிள் டிவி நிறுவனம், ரசீதிலும் அதைச் செய்ய முன்வரலாம். முதற்கட்டமாக, தன் இணைப்புகள் ஒவ்வொன்றிலும் பதிவாகியிருக்கும் கைபேசி எண் அந்த வீட்டாருடையதுதானா என்று சரிபார்த்து, இல்லாதவற்றை மாற்றும் பணியைத் தொடங்க வேண்டும். அதே உத்தரவை எல்லா நிறுவனங்களுக்கும் கால வரையறையோடு டிராய் பிறப்பிக்க வேண்டும். அதுவரை வாசகர்கள், அடுத்த மாதத் தொகையை அனுப்புமுன் ஆபரேட்டரிடம் பாக்ஸ் எண் குறித்த ரசீதைக் கேட்டுப் பெறும்படி வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
ஓய்வு பெற்ற காசாளர் ஒருவர்,
கும்பகோணம்.