உஹதின் மறுபாதி

கௌரவ ஆசிரியர் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கடந்த வெள்ளிக்கிழமைக் கட்டுரையில், நிவாரணப் பணிகளில் மூத்தோர் சொல் கேளாத வாலிபர்கள், உஹத் போரில் நபி (ஸல்) அவர்களின் கட்டளையை மீறிக் குன்றை விட்டிறங்கிய அம்பெய்வோருக்கு ஒப்பிடப்பட்டிருந்தனர். வாசித்து ஐந்து நாட்களாகியும் அந்த வரி எனக்குச் செரிக்கவில்லை.

ஹிஜ்ரி 3ஆம் ஆண்டில் அங்கு நிறுத்தப்பட்ட 50 பேரில் பெரும்பாலானோர் கனீமத்துக்காக, அதாவது போரில் கிடைக்கும் பொருட்களுக்காக, இடத்தை விட்டதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் மதீனாவுக்குள் நின்றே எதிர்கொள்வது நபி (ஸல்) அவர்களின் சொந்த விருப்பமாக இருந்தும், முந்தைய பத்ர் போரில் கலந்துகொள்ளாத வாலிபர்கள் வற்புறுத்தியதை ஏற்றே அவர்கள் கவசம் அணிந்து வெளியேறினார்கள் என்பதும், தோல்விக்குப் பின்னரும் தவறிழைத்தோரை மன்னித்துக் காரியங்களில் அவர்களோடு கலந்தாலோசிக்குமாறே குர்ஆனின் ஆல இம்ரான் அத்தியாயத்து 159ஆவது வசனம் பணித்தது என்பதும் தாங்கள் அறியாதவையல்ல. கட்டுரையாளருக்குத்தான் இடம் போதவில்லை போலும்.

2016 மே வெள்ளத்தில் கொலன்னாவையில் தண்ணீர் நின்ற வேளை, சோற்றுப் பார்சல் லொறியில் யாருடைய பெனரை முன்னால் கட்டுவது என்று எங்கள் மஹல்லாப் (பள்ளிவாசல் வட்டாரப்) பெரியவர்கள் இரண்டு மணித்தியாலம் மஷூரா, அதாவது கலந்தாலோசனை, செய்தார்கள். (அதற்கும் அந்தப் பெயர்தான்.) லொறி போய்ச் சேர்ந்தபோது பார்சல்களின் உட்தாள் வியர்த்து, பருப்பு புளித்திருந்தது. அங்கே ஒரு வாலிபர், எந்த வீட்டில் எத்தனை பேர், எங்கே பால்மா வேண்டும், யாருக்கு இன்சுலின் வேண்டும் என்று பாடசாலைக் கொப்பியொன்றில் எழுதிவைத்து, அதன்படி வள்ளங்களை அனுப்பிக்கொண்டிருந்தார். அவர் யாரிடம் அனுமதி பெற்றார் என்பதே எங்கள் தலைவரின் முதல் கேள்வியாக இருந்தது. கட்டுப்பாடு அன்று லொறியில் இருந்ததா, கொப்பியில் இருந்ததா?

எங்கள் பள்ளிவாசல் நிர்வாக சபையின் பொதுக்கூட்டம் நடந்து நான்கு வருடங்களாகின்றன. ஸகாத் என்னும் கட்டாய தர்மத்தைக் கூட்டாகத் தாருங்கள் என்று மிம்பரில் (பிரசங்க மேடையில்) கேட்கிறார்கள். கணக்கைக் கேட்டால் பித்னாக்காரன், குழப்பம் விளைவிப்பவன் என்கிறார்கள். 37 வருடம் கணக்காளராக இருந்தவன் கேட்கக்கூடாத கேள்வியா அது? இதைக் குறித்துப் போன வருடமும் தங்களுக்கு எழுதினேன். அப்போதும் இடம் போதவில்லை என்றே நல்லெண்ணத்துடன் கருதிக்கொண்டேன்.

அல்லாஹ்வின் கயிற்றை ஒன்றாகப் பற்றிப் பிடிக்கச் சொல்லும் அதே அத்தியாயத்தின் 103ஆவது வசனத்தைத் தங்கள் வெள்ளிக்கிழமைப் பக்கத்தின் மேல்மூலையில் வாரந்தோறும் பிரசுரிக்கிறீர்கள். வருகிற வெள்ளியன்று மட்டும் அதே இடத்தில், அதே எழுத்தளவில், 159ஐ ஒரு சொல்லும் வெட்டாமல் பிரசுரித்தால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்காளர் ஒருவர்,
மாளிகாவத்தை, கொழும்பு 10.